அண்மைச் செயலிகள் திரையும் அந்தரங்கமும்

அண்மைச் செயலிகள் திரை என்பது, திறன்பேசியில் பயனர் கடைசியாகத் திறந்து பார்த்த செயலிகளைச் சிறு அட்டைகளாக வரிசைப்படுத்திக் காட்டும் இடைமுகம் ஆகும். ஒவ்வோர் அட்டையிலும் செயலியின் சின்னமும், பயனர் அச்செயலியை விட்டு வெளியேறியபோது திரையில் இருந்த காட்சியின் படமும் இருக்கும். ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து தாவுவதற்காகவே இது உருவாக்கப்பட்டது. ஆயினும், பூட்டு நீக்கப்பட்ட பேசியைக் கையில் வாங்கும் எவரும், அதன் உரிமையாளர் சற்று முன்பு வரை என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஒரே விரலசைவில் அறிந்துகொள்ளக்கூடிய இடமாகவும் இது அமைந்துவிட்டது.

கடவுச்சொல், கைரேகை, முகமறிதல் ஆகியவை பேசியைத் திருடியவரிடமிருந்து பயனரைக் காக்கின்றன. அண்மைச் செயலிகள் திரையால் எழும் சிக்கல் திருடர் தொடர்பானதன்று. உரிமையாளர் தாமே பூட்டை நீக்கிக் கொடுக்கும் கணவர், அண்ணன், தோழி, பக்கத்து இருக்கைப் பயணி, பழுதுபார்க்கும் கடைக்காரர் ஆகியோர் தொடர்பானது. எனவே பேசிப் பூட்டு எவ்வளவு வலிமையானதாக இருப்பினும் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை.

பெயர்

இவ்விடைமுகத்துக்கு நிலைபெற்ற தமிழ்ப் பெயர் இல்லை. பேச்சு வழக்கில் ரீசண்ட்ஸ் அல்லது ரீசண்ட் ஆப்ஸ் என்பர். ஆண்ட்ராய்டு ஆவணங்கள் இதனை ரீசண்ட்ஸ் என்றும் ஓவர்வியூ என்றும், ஆப்பிள் நிறுவனம் ஆப் சுவிட்சர் என்றும் குறிப்பிடுகின்றன. இக்கட்டுரையில் அண்மைச் செயலிகள் திரை என்ற பெயர் பயன்படுத்தப்படுகின்றது.

வரலாறு

தொடக்ககால ஆண்ட்ராய்டு பேசிகளில் முகப்புப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால், அண்மையில் திறந்த செயலிகளின் சின்னங்கள் மட்டும் தோன்றின. 2010 இல் வெளிவந்த ஐஓஎஸ் 4 இலும் திரையின் அடியில் சின்னங்களின் வரிசை ஒன்றே இருந்தது. சின்னத்தைப் பார்ப்பவருக்கு எந்தச் செயலி திறக்கப்பட்டது என்பது தெரியும். அதில் என்ன இருந்தது என்பது தெரியாது.

இந்நிலை மாறியதற்கு முன்னோடி, பாம் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வெப்ஓஎஸ் இயங்குதளம் ஆகும். அதில் ஒவ்வொரு செயலியும் அதன் திரையையே காட்டும் ஓர் அட்டையாகத் தோன்றியது. அதன் வடிவமைப்பை முன்னின்று நடத்திய மத்தியாஸ் துவார்த்தே 2010 இல் கூகுளில் சேர்ந்தார். 2011 இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 3.0, 4.0 ஆகியவற்றில் தனிப் பொத்தானும் சிறு படங்களும் இடம்பெற்றன. ஆப்பிள் 2013 இல் ஐஓஎஸ் 7 உடன் அட்டை முறைக்கு மாறியது. 2018 இல் வெளியான ஆண்ட்ராய்டு 9 இல் அட்டைகள் பெரிதாகி, பக்கவாட்டில் நகர்வனவாயின. எழுத்துகளைப் படிக்கும் அளவுக்குப் படம் பெரிதானது பயனருக்கு வசதிதான். தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கும் அதே வசதி கிட்டியது.

செயற்படும் முறை

அட்டையில் தெரிவது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் செயலி அன்று. பயனர் செயலியை விட்டு வெளியேறும் தறுவாயில் இயங்குதளம் அதன் திரையைப் படமெடுத்துக்கொள்கின்றது. பின்னர் அண்மைச் செயலிகள் திரை திறக்கப்படும்போது அப்படமே காட்டப்படுகின்றது. பேசியை அணைத்துத் திரும்ப இயக்கினாலும் அட்டைகள் எஞ்சியிருப்பதற்கு இதுவே காரணம். செயலி நினைவகத்தில் இல்லாதபோதும் அதன் படம் சேமிப்பகத்தில் இருக்கும்.

ஆண்ட்ராய்டில் இப்படங்கள் இயங்குதளத்துக்குரிய கோப்புறையில் வைக்கப்படுகின்றன. சாதாரணப் பயனரோ பிற செயலிகளோ அதனைத் திறக்க இயலாது. ஐஓஎஸ்ஸில் ஒவ்வொரு செயலியின் கோப்புறைக்குள்ளும் இப்படங்கள் சேர்கின்றன. எண்ணிமத் தடயவியல் ஆய்வாளர்கள் இப்படங்களைச் சான்றாகத் தேடுவதுண்டு. உரையாடல் அழிக்கப்பட்ட பின்பும் அதன் கடைசித் திரை படமாக எஞ்சியிருக்கக்கூடும் என்பது அவர்கள் அறிந்தது. எனினும் வீட்டுக்குள் எழும் அந்தரங்கச் சிக்கலுக்குத் தடயவியல் கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. பெருவிரல் ஒன்றே போதும்.

இங்கு கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி, அட்டைகளின் வரிசையே தகவலைத் தருகின்றது என்பதாகும். முதல் அட்டை வங்கிச் செயலி, அடுத்தது வேலை தேடும் செயலி, அதற்கடுத்தது வெளியூர்ப் பேருந்து முன்பதிவு என்றிருந்தால், எந்த அட்டையின் உள்ளடக்கத்தையும் படிக்காமலேயே பார்ப்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். அம்முடிவு தவறாகவும் இருக்கலாம். விளைவு இரண்டிலும் ஒன்றே.

ஒரு பேசி, பல கைகள்

திறன்பேசி ஒருவருக்கே உரியது, அவர் மட்டுமே அதைத் தொடுவார் என்ற எண்ணத்தின் மீது அண்மைச் செயலிகள் திரை வடிவமைக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் இவ்வெண்ணம் பல வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. 2019–21 காலப்பகுதியில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உடைய பெண்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே. எஞ்சியோரில் கைபேசியைப் பயன்படுத்துபவர்கள் கணவர், மகன், மாமியார் ஆகியோரின் பேசியையே பயன்படுத்துகின்றனர். தனிப் பேசி உடையவர்களும் அதனைக் குழந்தைக்குக் காணொளி பார்க்கவும், உறவினருக்குப் படம் காட்டவும் நாள்தோறும் கொடுக்கின்றனர். கொடுக்க மறுப்பதே ஐயத்துக்கு இடந்தரும்.

இதனை விரிவாக ஆராய்ந்தவர்களுள் நித்யா சாம்பசிவனும் அவருடைய குழுவினரும் குறிப்பிடத்தக்கவர்கள். இந்தியா, பாக்கித்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 199 பேரிடம் நடத்திய ஆய்வை அவர்கள் 2018 இல் வெளியிட்டனர். பேசிப் பூட்டு, செயலிப் பூட்டு, வரலாறு முழுவதையும் அழித்தல் அல்லது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் அழித்தல், மறைநிலை உலாவல், சிலவற்றைப் பேசியில் செய்யாமலே விடுதல் ஆகிய வழிகளில் பெண்கள் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்கின்றனர் என்பது அவ்வாய்வின் கண்டறிதல். பேசியைப் பகிர மறுக்காமலும், பகிர்வதுபோலத் தோன்றச் செய்தும், தமக்குரியதை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் கலை அது. இவ்வழிகளுள் கடைசியாகக் கூறப்பட்டது தொழினுட்பம் தோற்றுப்போன இடத்தைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

உளுந்தூர்பேட்டை வட்டத்தின் எடுத்துக்காட்டு

2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்துள்ள உளுந்தூர்பேட்டை, சென்னை–திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையும் சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையும் கூடும் ஊராகும். இத்தகைய சந்திப்பு ஊர்களில் பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில் பேசி கைமாறுவது இயல்பான காட்சி. மின்னேற்றம் தீர்ந்த ஒருவர் அழைப்பதற்குப் பேசி கேட்பார். இணையவழி விண்ணப்பத்துக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணைப் பார்க்க இ-சேவை மையத்தில் பேசியை நீட்ட வேண்டிவரும். கடையில் பணம் செலுத்தியதற்குச் சான்றாகத் திரையைக் காட்ட வேண்டிவரும். இவற்றுள் எதுவும் பகைமையான செயலன்று. ஆனால் செலுத்தியதைக் காட்டச் செயலி மாற்றும்போது, இடையிலுள்ள அட்டைகள் அனைத்தும் எதிரில் இருப்பவருக்கும் தெரிகின்றன.

இதே உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ளதுதான் கூவாகம். அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கையர் திரள்கின்றனர். அரவானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுக்கும் சடங்கு இவ்விழாவின் உயிர்நாடி. திருநங்கையருள் வெளிப்படையாக வாழ்பவரும் உளர். தம் அடையாளத்தை வீட்டாரிடம் இன்னும் கூறாதவரும் உளர். இரண்டாம் வகையினருக்குப் பேசி இரண்டு வாழ்க்கைகளையும் ஒருங்கே சுமக்கும் பொருளாகின்றது. விழாவில் எடுத்த படங்கள், நண்பர் குழுவின் உரையாடல், மருத்துவ ஆலோசனைச் செயலி, துணை தேடும் செயலி ஆகியவை அதே பேசியில் இருக்க, ஊர் திரும்பியதும் அப்பேசியைத் தம்பியோ தாயோ கேட்டு வாங்குகின்றனர்.

இத்தகையவருக்கு அட்டையில் உள்ள படம் மங்கலாக்கப்பட்டிருப்பதால் பெரும்பயன் விளைவதில்லை. செயலியின் பெயரும் சின்னமுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. மறுபுறம், வங்கிச் செயலி வைத்திருப்பதை எவரும் மறைப்பதில்லை. அதிலுள்ள இருப்புத் தொகையை மறைத்தால் போதும். ஆகவே அண்மைச் செயலிகள் திரையில் காக்கப்பட வேண்டியவை இரண்டு: ஒன்று உள்ளடக்கம், மற்றொன்று இருப்பு. பெரும்பாலான கருவிகள் முதலாவதை மட்டுமே காக்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாமல் ஒரு கருவியை நம்பியிருப்பது, எந்தக் கருவியும் இல்லாதிருப்பதைவிட ஆபத்தானது.

உள்ளடக்கத்தை மறைத்தல்

பல செயலிகள் அண்மைச் செயலிகள் திரையில் தம் உள்ளடக்கம் தெரியாதவாறு அமைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான வங்கிச் செயலிகளின் அட்டை வெறுமையாக இருப்பது இதனாலேயே. ஆண்ட்ராய்டுக்கான குரோம் உலாவியின் மறைநிலைப் பக்கங்களும் இவ்வாறே மறைக்கப்படுகின்றன. சிக்னல் செயலியில் ஆண்ட்ராய்டில் திரைப் பாதுகாப்பு என்ற அமைப்பும், ஐபோனில் செயலி மாற்றியில் திரையை மறைக்கும் அமைப்பும் உள்ளன. டெலிகிராமில் கடவெண் பூட்டு இட்டபின், உள்ளடக்கம் செயலி மாற்றியில் தோன்ற வேண்டுமா என்பதைப் பயனரே முடிவு செய்யலாம். சில நிறுவனங்களின் பேசிகளில், எடுத்துக்காட்டாக ஷியோமியின் பேசிகளில், எந்தெந்தச் செயலிகளின் முன்தோற்றத்தை மங்கலாக்க வேண்டும் என்பதை இயங்குதள அமைப்புகளிலேயே தேர்ந்தெடுக்க இயலும்.

மறைநிலை உலாவல் பற்றி ஒரு குறிப்பு இங்கு தேவைப்படுகின்றது. அதன் அட்டையில் பக்கத்தின் படம் தெரியாது; ஆனால் மறைநிலைப் பக்கம் திறந்திருக்கின்றது என்பது அறிவிப்புப் பகுதியிலும் உலாவியிலும் தெரியும். மறைக்கப்பட்டது என்ன என்பதைவிட, ஏதோ மறைக்கப்பட்டுள்ளது என்பதே சில வீடுகளில் சண்டைக்குப் போதுமானது.

இருப்பை மறைத்தல்

செயலி இருப்பதையே மறைக்கும் வசதி இயங்குதளங்களுக்குப் பிந்தியே வந்தது. அதுவரை பேசி நிறுவனங்கள் தத்தம் வழிகளைக் கையாண்டன. ஷியோமி 2016 இல் இரண்டாம் வெளி என்ற தனிப் பகுதியையும், சாம்சங் பாதுகாப்புக் கோப்புறையையும் அறிமுகப்படுத்தின. 2024 இல் வெளியான ஆண்ட்ராய்டு 15 இல் தனி வெளி என்னும் வசதி இயங்குதளத்திலேயே சேர்க்கப்பட்டது. இதில் நிறுவப்படும் செயலிகள் தனிப் பூட்டுக்குள் இருக்கும். அப்பூட்டு இடப்பட்டிருக்கும்போது அவை அண்மைச் செயலிகள் திரையிலோ அறிவிப்புகளிலோ தோன்றுவதில்லை. தனி வெளி ஒன்று இருப்பதையும்கூட மறைத்துவைக்க இயலும்.

அதே ஆண்டில் வந்த ஐஓஎஸ் 18 இல் செயலியை முகமறிதலால் பூட்டவும், மறைக்கப்பட்ட கோப்புறைக்குள் வைக்கவும் வழி செய்யப்பட்டது. மறைக்கப்பட்ட செயலியும் மின்கலப் பயன்பாடு, திரை நேரம், பதிவிறக்க வரலாறு போன்ற சில இடங்களில் தென்படக்கூடும். மறைக்கப்பட்ட கோப்புறை எல்லா ஐபோன்களிலும் ஒரே இடத்தில்தான் உள்ளது. அதனைத் திறக்க இயலாவிட்டாலும், எங்கே இருக்கின்றது என்பது ஐபோன் வைத்திருக்கும் மற்றவருக்கும் தெரியும்.

இவ்வசதிகள் புதிய பதிப்புகளில் மட்டுமே கிடைக்கின்றன. விலை குறைந்த பேசிகளும், கைமாறி வந்த பழைய பேசிகளும் இப்பதிப்புகளைப் பெறுவதில்லை. அந்தரங்கம் மிகுதியாகத் தேவைப்படும் பகிர்வுப் பேசிகளுள் பல இவ்வகையினவே என்பது இவ்வசதிகளின் பெருங்குறை எனலாம். மூன்றாம் தரப்புச் செயலிப் பூட்டுகளைப் பலர் நாடுகின்றனர். அவற்றுட் பல, பிற செயலிகளின் பயன்பாட்டைக் கவனிக்கும் இசைவைக் கேட்டுப் பெறுகின்றன. வீட்டாரிடமிருந்து மறைப்பதற்காக, முன்பின் அறியாத ஒரு நிறுவனத்திடம் எல்லாவற்றையும் காட்டுவதாக இது முடியலாம்.

துடைத்து நீக்குதல் பற்றிய தவறான கருத்து

அட்டையை மேலே தள்ளி நீக்கினால் தடயம் நீங்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அட்டையும் அதன் படமும் நீங்குகின்றன என்பது உண்மையே. ஆனால் அச்செயலி பயன்படுத்தப்பட்ட செய்தி வேறு பல இடங்களில் எஞ்சியிருக்கும். 2018 இல் ஆண்ட்ராய்டில் வந்த எண்ணிம நலவாழ்வு, அதே ஆண்டில் ஐஓஎஸ் 12 இல் வந்த திரை நேரம் ஆகியவை எந்தச் செயலி எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்பதை நாள்வாரியாகக் காட்டுகின்றன. மின்கலப் பயன்பாட்டுப் பட்டியலும் அவ்வாறே. முகப்புத் திரையிலும் தேடலிலும் தோன்றும் பரிந்துரைச் சின்னங்கள், அடிக்கடி திறக்கப்படும் செயலியைத் தாமாகவே முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றன. விசைப்பலகையோ தட்டச்சுச் செய்த பெயர்களை நினைவில் வைத்து, வேறொருவர் தட்டும்போதும் பரிந்துரைக்கின்றது.

மேலும், எப்போதும் வெறுமையாக இருக்கும் அண்மைச் செயலிகள் திரையும் ஒரு தடயமே. ஒருவர் கண்காணிக்கப்படும் சூழலில், வழக்கமாகப் பத்து அட்டைகள் இருக்கும் பேசியில் திடீரென ஒன்றும் இல்லாதிருப்பது கேள்வியை எழுப்பும். இத்தகைய நிலையில் எல்லாவற்றையும் துடைப்பதைவிட, குறிப்பிட்ட ஓர் அட்டையை மட்டும் நீக்கிவிட்டுப் பிறவற்றை விட்டுவைப்பதே மேலானது.

பேசியை விரைவாக்கவும் மின்கலத்தைச் சேமிக்கவும் அட்டைகளைத் துடைப்பவர்களும் பலர். இது பயனற்றது என ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரு தரப்பின் தலைமைப் பொறுப்பாளர்களும் 2016 இல் கூறியுள்ளனர். இருப்பினும் இப்பழக்கம் ஒரு வகையில் பயனுடையது: துடைப்பது பொதுப் பழக்கமாக இருப்பதால், அந்தரங்கத்துக்காகத் துடைப்பவர் தனித்துத் தெரிவதில்லை.

பேசியைக் கொடுக்கும்போது

பேசியைப் பிறரிடம் கொடுக்கும்போது ஒரே செயலியில் அவரை நிறுத்திவைக்கும் வசதி இரு இயங்குதளங்களிலும் உள்ளது. ஆண்ட்ராய்டு 5.0 உடன் 2014 இல் வந்த செயலிப் பொருத்தல் வசதியை முதலில் பாதுகாப்பு அமைப்புகளில் இயக்க வேண்டும். பின்னர் அண்மைச் செயலிகள் திரையில் உரிய செயலியின் சின்னத்தைத் தட்டிப் பொருத்தும் தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் வேறு செயலிக்கோ அண்மைச் செயலிகள் திரைக்கோ செல்ல இயலாது. வெளியேறும்போது பூட்டைக் கேட்குமாறு அமைத்துக்கொள்ளாவிட்டால் இது பயனற்றது. பொருத்துவதற்கு அண்மைச் செயலிகள் திரையையே திறக்க வேண்டியிருப்பதால், பேசியைக் கொடுப்பதற்கு முன்பே இதனைச் செய்துவிட வேண்டும். எதிரில் நிற்பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்வது நோக்கத்தையே கெடுத்துவிடும். ஐபோனில் இதற்கு இணையானது 2012 இல் ஐஓஎஸ் 6 உடன் வந்த வழிகாட்டு அணுகல் ஆகும். இது அணுகல்தன்மைப் பகுதியில் உள்ளது. ஒருமுறை இயக்கிவைத்தால், பக்கப் பொத்தானை மும்முறை அழுத்தித் தொடங்கலாம்.

நீண்ட நேரம் கொடுக்க நேர்ந்தால் ஆண்ட்ராய்டின் விருந்தினர் கணக்கு ஏற்றது. அதில் அண்மைச் செயலிகள், படங்கள், செய்திகள் எல்லாம் தனியாக இருக்கும். சில நிறுவனங்கள் தம் பேசிகளில் இவ்வசதியை நீக்கிவிடுகின்றன.

பழுதுபார்ப்பு தனி வகை. கடைக்காரர் திரையைச் சோதிக்கக் கடவெண்ணைக் கேட்பது வழக்கம். சாம்சங் 2022 இல் பராமரிப்பு நிலை என்பதையும், கூகுள் 2023 இறுதியில் பிக்சல் பேசிகளுக்குப் பழுதுபார்ப்பு நிலை என்பதையும் வழங்கின. இவை உரிமையாளரின் தரவு முழுவதையும் பூட்டிவிட்டு, பேசியைச் சோதிக்க மட்டும் இடந்தருகின்றன.

செயலி உருவாக்குநரின் பங்கு

பயனர் இவ்வளவு முயற்சி செய்ய வேண்டியிருப்பதற்குச் செயலி உருவாக்குநரின் கவனமின்மை பெருங்காரணம். ஆண்ட்ராய்டில் ஃபிளாக் செக்யூர் என்னும் குறியைச் சாளரத்துக்கு இடுவது ஒரு வரி நிரல் மட்டுமே. அது இடப்பட்டால் அண்மைச் செயலிகள் திரையில் அட்டை வெறுமையாகத் தோன்றும். ஆனால் அதே குறி திரைப்பிடிப்பு எடுப்பதையும் தடுத்துவிடும். பணம் செலுத்திய சான்றைப் படம்பிடித்து அனுப்பும் பழக்கம் உள்ள நாட்டில் பயனர்கள் இதனை விரும்புவதில்லை; ஆகவே பல உருவாக்குநர்கள் இக்குறியை நீக்கிவிடுகின்றனர். 2022 இல் வெளியான ஆண்ட்ராய்டு 13 இல், திரைப்பிடிப்புக்கு இடந்தந்து அண்மைச் செயலிகள் திரையின் படத்தை மட்டும் தடுக்கும் தனிச் செயற்கூறு சேர்க்கப்பட்டது. இதன்பின் அக்காரணம் செல்லாது.

எக்ஸ்க்ளூட் ஃபிரம் ரீசண்ட்ஸ் என்னும் பண்பை அமைத்தால், செயலியின் அட்டையே பட்டியலில் இடம்பெறாது. குடும்ப வன்முறை தொடர்பான உதவி, பாலியல் நலம், மனநலம் ஆகியவற்றுக்கான செயலிகளில் இது பொருத்தமானது. இருப்பை மறைக்கும் பணியை உருவாக்குநரே ஏற்கக்கூடிய இடம் இது. நடுவில் வேறு செயலிக்குச் சென்ற பயனர் எளிதில் திரும்ப இயலாது என்பது இதன் குறை.

ஐஓஎஸ்ஸில் இத்தகைய குறி இல்லை. செயலி பின்புலத்துக்குச் செல்லும்போது, இயங்குதளம் படமெடுப்பதற்கு முன்பாக, உருவாக்குநர் வெறுந்திரை ஒன்றை மேலே விரிக்க வேண்டும். பின்புலத்துக்குச் சென்ற நிகழ்வில் மட்டும் இதனைச் செய்வது பொதுவாகக் காணப்படும் பிழை. செயலி மாற்றி திறக்கப்பட்டும் பயனர் இன்னும் செயலியை விட்டு நீங்காத இடைவேளையில் உண்மைத் திரையே அட்டையில் தெரியும். எனவே செயலி முனைப்பு நிலையை இழக்கும் முதற்கணத்திலேயே திரையை மூட வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் அந்தரங்க உரிமை பற்றிய முதன்மையான தீர்ப்புகளுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து எழுந்தது. நக்கீரன் இதழாசிரியர் இராசகோபால் தொடுத்த வழக்கில், தனித்திருக்க விடப்படும் உரிமை அரசியலமைப்பின் 21 ஆம் கூற்றில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1994 இல் கூறியது. 2017 ஆகத்து 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

கணவன் மனைவியருக்கிடையே இவ்வுரிமை உண்டா என்பதே பேசிகளைப் பொறுத்தமட்டில் முதன்மையான வினா. 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் இதற்கு உண்டு என விடையளித்தார். மணமுறிவு வழக்கில் கணவர் ஒருவர் தம் மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவருடைய இசைவின்றிப் பெற்றுச் சான்றாக அளித்திருந்தார். துணைவரின் அந்தரங்கத்தை மீறிப் பெற்ற சான்றை ஏற்க இயலாது என்றும், ஒருவரையொருவர் வேவு பார்ப்பது மணவாழ்வின் அடிப்படையையே குலைக்கும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இந்நிலைப்பாடு நீடிக்கவில்லை. பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு மணமுறிவு வழக்கில், மனைவி அறியாமல் கணவர் பதிவு செய்த உரையாடலைச் சான்றாக ஏற்கலாம் என உச்ச நீதிமன்றம் 2025 சூலை 14 அன்று தீர்ப்பளித்தது. துணைவர்கள் ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அம்மணவாழ்வு முன்னரே முறிந்துவிட்டதன் அறிகுறி அது என்பது நீதிபதிகளின் கருத்து. அட்டையைப் பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளும் துணைவரை நீதிமன்றச் சான்று விதி தடுக்கும் என இனி எவரும் நம்பியிருக்க இயலாது.

தண்டனைச் சட்டங்களும் ஓரளவே உதவுகின்றன. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழினுட்பச் சட்டத்தின் 43 ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பிலுள்ளவரின் இசைவின்றிக் கணினியை அணுகுவதைத் தடுக்கின்றது. பேசியை வாங்கிக் கொடுத்தவர் கணவராகவும் பயன்படுத்துபவர் மனைவியாகவும் இருக்கும்போது உரிமையாளர் யார் என்ற கேள்வி எழும். பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது 66சி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 78 ஆம் பிரிவு, பெண் ஒருவர் இணையத்தையோ மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்துவதை ஆண் ஒருவர் கண்காணிப்பதைக் குற்றமாக்குகின்றது. தொடர்ச்சியான கண்காணிப்புக்கே இது பொருந்தும். தற்செயலாகக் கண்ணில் பட்ட அட்டைக்குப் பொருந்தாது. 2023 இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிப்பட்ட அல்லது வீட்டு நோக்கத்துக்காக ஒருவர் கையாளும் தரவைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. வீட்டுக்குள் நடப்பதை அது தொடுவதில்லை.

கண்காணிப்புக்கு உள்ளானவர்களுக்கு

பேசி கண்காணிக்கப்படுகின்றது என ஐயுறுபவர், உதவி தேடுவதற்கு அதே பேசியைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணையும் நம்பிக்கைக்குரிய வேறொருவரின் பேசியிலிருந்து அழைக்கலாம். சொந்தப் பேசியிலிருந்து அழைத்தால், அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை மட்டும் நீக்க வேண்டும். அவ்வாறு நீக்கினாலும் சேவை நிறுவனத்தின் பதிவில் அது இருக்கும். கணவர் அல்லது தந்தையின் பெயரில் வாங்கப்பட்ட சிம் அட்டையாயின், அப்பதிவைக் கேட்டுப் பெறும் வழி பெயருக்குரியவரிடமே உள்ளது.

வெளிப்பட்டால் உடலுக்கோ உறைவிடத்துக்கோ ஊறு நேரும் என அஞ்சுபவர், தம்மைக் காட்டிக்கொடுக்கும் செயலியைப் பகிர்வுப் பேசியில் நிறுவாமல், உலாவியின் மறைநிலைப் பக்கத்தில் அதன் தளத்தைத் திறந்து, முடிந்ததும் பக்கத்தை மூடிவிடுவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. செயலிச் சின்னமும் பதிவிறக்க வரலாறும் அதில் இல்லை. அண்மைச் செயலிகள் திரையில் எஞ்சுவது, எல்லார் பேசியிலும் இருக்கும் உலாவியின் அட்டை மட்டுமே.